நாக்கில் ஒன்றும் இல்லை, ஆனாலும் காந்துகிறது

2023 பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் அது. எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது நாக்கின் நுனி சுரீரென்றது. காலை அவசரத்தில் காபியை ஆற்றாமல் குடித்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சுட்ட நாக்கு இரண்டு மூன்று நாளில் தானாக ஆறிவிடும். இது ஆறவில்லை. மாசி வந்தது, பங்குனி போனது. நுனியில் இருந்த எரிச்சல் நாக்கின் இரண்டு ஓரங்களுக்கும், கீழுதட்டின் உள்பக்கத்துக்கும், மேலண்ணத்தின் முன்பகுதிக்கும் பரவிவிட்டது.

எனக்கு அப்போது 52 வயது. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கும்பகோணம் பக்கத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் தமிழாசிரியை நான். பிள்ளைகளுக்குத் தமிழம்மா. நாள் முழுக்கப் பேசுவதுதான் வேலை.

நம் ஊரில் வாய் எரிகிறது என்று சொன்னால் உடனே வருகிற பதில் உடம்புச் சூடு. மாமியார் சொன்னார்: “ஏம்மா, வயித்துல புண்ணு இருந்தா வாயிலதான் காட்டும். மணத்தக்காளியைத் தேங்காப்பால் விட்டுக் கூட்டு வச்சுச் சாப்பிடு.” வைத்தேன். வெந்தயத் தண்ணீர், இளநீர், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் எல்லாம் ஒரு சுற்று வந்தது. மருந்துக்கடையில் கேட்காமலே பி காம்ப்ளெக்ஸ் அட்டையை நீட்டினார்கள். இதில் கூட்டு மட்டும் நன்றாக இருந்தது. இப்போதும் வாரம் ஒருமுறை வைக்கிறேன், ருசிக்காக.

அந்த மாதங்களில் நான் செய்த பெரிய தவறு, இல்லாத புண்ணைத் தேடியதுதான். எரிந்தால் புண் இருக்க வேண்டும் அல்லவா? ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போன் டார்ச்சை அடித்து, கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்ப்பேன். ஒருநாள் நாக்கைத் துணியால் பிடித்து எட்டிய மட்டும் வெளியே இழுத்தபோது, அடிநாக்கில் வரிசையாகச் சில மொட்டுகள் தெரிந்தன. கேன்சர் என்று முடிவே கட்டிவிட்டேன். மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல், எந்த நகை யாருக்கு என்கிற அளவுக்கு யோசித்து முடித்திருந்தேன். அந்த மொட்டுகள் உலகத்தில் எல்லோருக்கும் உண்டு. நாக்கின் பின்பக்கத்தில் வி வடிவத்தில் 8 முதல் 12 வரை இருக்கும், சுவை அரும்புகள் உட்கார்ந்திருக்கும் மேடுகள். எந்நாளும் அங்கேதான் இருந்திருக்கின்றன. நான்தான் அதற்கு முன் என் நாக்கை அப்படி இழுத்துப் பார்த்ததில்லை.

அப்புறம் மருத்துவர்கள். முதலில் போன பல் மருத்துவர், கடைவாய்ப் பல்லில் இருந்த உலோக உறைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அதைக் கழற்றிவிட்டு செராமிக் போட்டார். பணம் போனது, எரிச்சல் போகவில்லை. காது மூக்கு தொண்டை நிபுணர் பார்த்துவிட்டு, “நாக்கு கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு, ஒண்ணும் இல்லை” என்றார். பொது மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பி12 குறைவாக இருந்தது. ஊசி போட்டுக்கொண்டேன். மூன்று மாதத்தில் பி12 ஏறியது, நாக்கு அப்படியே இருந்தது.

அந்தப் பரிசோதனைகளை நான் வீண் என்று சொல்லமாட்டேன். இரும்புச்சத்துக் குறைவு, பி12, ஃபோலிக் அமிலக் குறைவு, சர்க்கரை, தைராய்டு, வாயில் வளரும் பூஞ்சை, எனலாப்ரில் வகை ரத்த அழுத்த மாத்திரைகள், இதில் எது இருந்தாலும் வாய் எரியும். காரணத்தைச் சரிசெய்தால் எரிச்சல் அடங்கிவிடுகிறவர்கள் உண்டு. ஆகவே இதே தொல்லையில் இருப்பவர்கள் முதலில் இவற்றைப் பார்த்துவிடுங்கள். ஒன்றும் அகப்படாதபோதுதான், அல்லது என்னைப்போல் அகப்பட்டதைச் சரிசெய்தும் அடங்காதபோதுதான், அடுத்த கதை தொடங்குகிறது.

நான்காவதாகப் பார்த்தவர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்து, “எல்லாம் மனசுதான் சார், வீட்டுல ஏதாவது டென்ஷனா?” என்று கேட்டார். இவர் பாவம், என்ன சொல்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க இரண்டு பேரும் பேசவில்லை. வலியைவிட அந்தக் கேள்விதான் அதிக நாள் காந்தியது.

வழி காட்டியது கோயம்புத்தூரில் இருக்கும் மகள். “அம்மா, பல் மருத்துவக் கல்லூரிகள்ல ஓரல் மெடிசின்னு ஒரு துறையே இருக்கு. பல்லு பிடுங்கறது இல்ல, வாய்ல வர்ற மத்த நோவு எல்லாம் அவங்கதான் பார்ப்பாங்க” என்றாள். அப்படி ஒரு துறை இருப்பதே எனக்குத் தெரியாது. பத்து மாத அலைச்சலுக்குப் பிறகு அங்கே போனேன்.

அந்த மருத்துவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை, முதலில் பேசச் சொன்னார். “எரியுதுன்னு சொல்றீங்க. எப்படி எரியுது டீச்சர்? மிளகாய் பட்ட மாதிரியா, சுட்டுக்கிட்ட மாதிரியா, புளிச்ச மாங்கா தின்னு பல்லு கூசற மாதிரியா?”

இத்தனை வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தும் என் வலிக்கு நான் சரியான சொல்லைத் தேடியிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எரிச்சல் வேறு, கடுப்பு வேறு, குத்தல் வேறு, சுருக்கென்பது வேறு, விறுவிறுப்பு வேறு, மதமதப்பு வேறு. எனக்கு இருந்தது காந்தல். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் காந்திக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி. கூடவே வாய் காய்ந்தாற்போல் ஓர் உணர்வு; உமிழ்நீர் என்னவோ இருக்கிறது. நாள் முழுக்க ஓர் உலோக ருசி வேறு. சின்ன வயதில் பத்துப் பைசாக் காசை வாயில் போட்டுக்கொண்டு அப்பாவிடம் அடி வாங்கிய ருசி. மருத்துவர் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். வலிக்கு எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதிலேயே நோயின் பாதி அடையாளம் இருக்கிறதாம். “மின்னல் மாதிரி” என்று சொல்லியிருந்தால் அவர் வேறு பாதையில் போயிருப்பார்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுந்தவுடன், மதியம், மாலை, படுக்கும் முன் என்று நான்கு வேளை, பத்துக்கு எத்தனை என்று ஓர் எண். பக்கத்தில் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஒரு வரி. எழுதிய பிறகுதான் எனக்கே தெரிந்தது: காலையில் 1, மதியம் 4, மாலை ஆறு மணிக்கு 7. சாப்பிடும்போது கிட்டத்தட்ட 0. ராத்திரி இதனால் விழித்துக்கொண்டதே இல்லை. புண் இருந்தால் சாப்பிடும்போது வலி ஏறத்தானே வேண்டும்? எனக்கு இறங்கியது. அதனால்தான் சும்மா சும்மா எதையாவது கொறித்து, நான்கு கிலோ ஏறியிருந்தேன் என்பதும் அந்த நோட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தது. மருத்துவர் நோட்டைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டு, பர்னிங் மவுத் சிண்ட்ரோம் என்றார். எரியும் வாய். பெயர் வைத்தவர்கள் ரொம்ப மெனக்கெடவில்லை.

அன்று சில சோதனைகள் செய்தார். பஞ்சால் நாக்கை வருடினார், கூரான முனையால் தொட்டார், வெதுவெதுப்பான நீரிலும் குளிர்ந்த நீரிலும் முக்கிய கம்பியை வைத்து எது என்று கேட்டார். கைப்பான ஒரு தாளை நுனிநாக்கில் ஒட்டினார். எனக்கு வெறும் காகிதமாகத்தான் இருந்தது. அதே தாளை அடிநாக்கில் வைத்தபோது முகம் சுளித்தேன். “சின்ன வயசுல காதுல சீழ் வடிஞ்சிருக்கா?” என்று கேட்டார். நாக்கைப் பார்க்க வந்தவளிடம் காதைப் பற்றி என்ன கேள்வி என்று தோன்றியது. ஆமாம், வடிந்திருக்கிறது. ஆறாம் வகுப்பு முழுக்கப் பஞ்சு வைத்துக்கொண்டுதான் போனேன்.

நாக்கின் முன் மூன்றில் இரண்டு பகுதியிலிருந்து சுவையை எடுத்துப் போகிற நரம்பு, போகிற வழியில் செவிப்பறையின் உள்பக்கத்தைக் கடந்து போகிறது. காதில் வந்த கோளாறு அதைத் தொட்டுவிட முடியும். அதே நாக்கிலிருந்து தொடுதல், சூடு, வலி மூன்றையும் எடுத்துப் போவது வேறொரு நரம்பு. நெற்றி, கன்னம், தாடை என மூன்று கிளையாக முகம் முழுக்கப் பரவியிருக்கும் ட்ரைஜெமினல். சுவை நரம்பு நன்றாக வேலை செய்யும்போது வலி நரம்பை ஓரளவு அடக்கிவைக்கிறது, அது சோர்ந்தால் வலி நரம்பு தன்னிச்சையாகக் கத்தத் தொடங்குகிறது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் லிண்டா பார்டோஷுக் போன்றவர்கள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு அல்ல. இன்னொரு பக்கம், இந்நோய் உள்ளவர்களின் நாக்கிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்ததில் மேல்தோலில் இருக்கும் நுண்ணிய நரம்பிழைகள் குறைந்திருந்ததை 2005-இல் இத்தாலிய மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் கோளாறு ஒயரில். பல்பைத் திருகித் திருகிப் பார்த்துப் பயனில்லை. நாக்கில் ஒன்றும் இல்லை என்று காது மூக்கு தொண்டை நிபுணர் சொன்னதும் உண்மை, எனக்கு எரிந்ததும் உண்மை. இந்த இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று புரிந்த அன்று ராத்திரிதான் டார்ச் அடிப்பதை நிறுத்தினேன்.

இங்கே என் தொழில் சார்ந்த ஒரு சங்கதியைச் சொல்லாமல் போக முடியாது. இருபது வருடத்துக்கும் மேலாக அறுசுவை என்று பாடம் நடத்துகிறேன்: இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கைப்பு. நரம்புக் கணக்கில் கார்ப்பு ஒரு சுவையே இல்லை. அது வலி. மிளகாயில் இருக்கும் கேப்சைசின் போய்த் தட்டுவது சுவை அரும்பை அல்ல, வலி நரம்பில் சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் ஒரு வாசலை. 1997-இல் அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகும் அதே வாசலைத்தான் தட்டுகிறது. துவர்ப்பும் பெரும்பாலும் தொடு உணர்வுதான், வாய் இழுத்துப் பிடிப்பதை நாம் சுவை என்கிறோம். பழைய தமிழில் தொடு உணர்வுக்கு ஊறு என்று பெயர். அதே சொல்லுக்குத் தீங்கு, காயம் என்றும் பொருள் உண்டு. தொடுவதும் நோவதும் ஒரே சொல்லில். முன்பெல்லாம் இதை வகுப்பில் ஒரு பொருள் பல சொல், பல பொருள் ஒரு சொல் என்று வேகமாகக் கடந்துவிடுவேன். (ஊறுகாயில் வரும் ஊறு வேறு. ஆனால் அந்த வருடம் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.)

இந்த அறிவு சமையலறையில் உடனே பயன்பட்டது. மிளகாயை நிறுத்திவிட்டு மிளகுக்கு மாறினால் சரியாகிவிடும் என்று நினைத்து மிளகு ரசமாகக் குடித்துக்கொண்டிருந்தேன், அதுவும் கொதிக்கக் கொதிக்க. ஒரே வாசலைச் சூடாலும் காரத்தாலும் சேர்த்து இடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது ரசத்தை ஆறவைத்துத்தான் சாப்பிடுகிறேன். அதே காரம், பாதித் தொல்லை. காபியை டவராவில் நான்கு தடவை கூடுதலாக ஆற்றுகிறேன். ஆறின காபி குடிப்பவர்களைக் கேலி செய்த குடும்பத்தில் பிறந்தவள், என்ன செய்வது.

பற்பசையை மாற்றியது எதிர்பார்த்ததைவிட உதவியது. புதினா, கிராம்பு, இலவங்கப்பட்டை மணக்கும் பசைகளை விட்டுவிட்டு, மணமும் நுரையும் இல்லாத ஒன்றுக்குப் போனேன். நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாத பசை என்று கேட்டால் மருந்துக்கடையில் தருவார்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டவே வேண்டாம். இன்னொன்று, தினமும் காலையில் ஸ்டீல் வழிப்பானால் நாக்கை வழிப்பது. எரிகிறதே, அழுக்குதான் காரணம் என்று நான் ஐந்தாறு தடவை அழுத்தி வழித்துக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தச் சொன்னார்கள். மாமியாருக்கு இன்றுவரை அதில் உடன்பாடு இல்லை. பற்களில் நாக்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் பழக்கமும் எனக்கு வந்திருந்தது. வலிக்கும் இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் அதே புத்திதான். கவனித்து நிறுத்த ஒரு மாதம் ஆனது.

மருந்தாகக் கொடுத்தது க்ளோனசெபாம். விழுங்குவதற்கு அல்ல. மாத்திரையை வாயில் போட்டு, எரியும் இடத்தில் உமிழ்நீரோடு மூன்று நிமிடம் வைத்திருந்துவிட்டுத் துப்பிவிட வேண்டும். பிரான்ஸில் இப்படிக் கொடுத்துப் பார்த்து 2004-இல் வெளியிட்ட முறை என்று சொன்னார். அப்படித் துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும். முதல் வாரம் மூன்றாவது பீரியடில் கண் சொருகியது. அளவை மருத்துவர் குறைத்தார். பழக்கமாகிவிடக்கூடிய மருந்து, திடீரென்று நிறுத்தவும் கூடாது. யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப் போடாதீர்கள், நான் சொல்கிறேன் என்றும் வாங்கிப் போடாதீர்கள். சிலருக்கு அமிட்ரிப்டிலின் கொடுப்பதும் உண்டு. அது வாயை மேலும் உலர்த்தும் என்பதால் எனக்கு வேண்டாம் என்றார். கூடவே வலியோடு இருப்பதற்கான மனப் பயிற்சிக்கு ஓர் ஆலோசகரிடமும் அனுப்பினார். எல்லாம் மனசு என்று சொன்ன டாக்டரின் நினைவு வந்து முதலில் போக மறுத்தேன். “நோவு மனசுல இருக்குன்னு சொல்லல டீச்சர், பத்து மாசமா வலிச்சா மனசும் சேர்ந்துதானே வலிக்கும்” என்றார் இந்த மருத்துவர். போனேன். ஐந்து தடவை. அதில் பயன் இருந்தது.

அந்தத் துறையின் வராண்டாவில் காத்திருந்தபோது பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டுக்கோட்டைப் பக்கத்து விவசாயி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் கட்டியிருந்த துண்டை இறக்கி வலது கன்னத்தை மூடிக்கொண்டு, மின்விசிறிக்கு எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். காற்று பட்டால் போதும், முகம் தூக்கிப் போடும். சில நொடிதான். அடங்கிவிடும். மறுபடி வரும். பல் துலக்க முடியவில்லை, சவரம் செய்ய முடியவில்லை. பல்வலி என்று இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியிருந்தார்கள், வலி அங்கேயேதான் இருந்தது. மூன்றாவதைப் பிடுங்குவதற்கு முன் யாரோ இங்கே அனுப்பியிருக்கிறார்கள். ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. மண்டைக்குள் அந்த நரம்பின் வேரை ஒரு ரத்தக்குழாய் அழுத்துவதால் பலருக்கும் வருவது. எம்ஆர்ஐயில் தெரியும். கார்பமசிபைன் என்ற மாத்திரைக்குக் கேட்கும், கேட்காவிட்டால் அறுவை சிகிச்சையும் உண்டு. அந்த மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ காய்ச்சலோ வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஆசிய நாட்டவர் சிலரிடம் இருக்கும் ஒரு மரபணு வகை இந்த ஆபத்தைக் கூட்டும். ரத்தத்தில் சோடியம் இறங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்ரேயில் பல் நன்றாக இருந்து, தொட்டால் மட்டும் மின்னல் அடிக்கிறது என்றால், பல்லைப் பிடுங்கும் முன் ஒரு தடவை நரம்பைப் பற்றிக் கேளுங்கள். பிடுங்கிய பல் திரும்ப முளைக்காது.

எல்லா எரிச்சலும் என்னுடையது போல ஆபத்தில்லாதது என்றும் நினைத்துவிட வேண்டாம். பாக்கு, பான் மசாலா போடுகிறவருக்குக் காரம் பட்டால் வாய் எரிந்து, வாய் திறப்பதும் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு நோய், புற்றுநோய் வரை போகக்கூடியது. மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, ஒரு பக்கம் மட்டும் மரத்துப் போவது, இதில் எது இருந்தாலும் மணத்தக்காளியை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. நான் இப்போது மாதம் ஒருநாள், பகல் வெளிச்சத்தில், ஒரு நிமிடம் மட்டும் வாயைப் பார்த்துக்கொள்கிறேன்.

வகுப்பில் பழைய மாதிரி தொடர்ந்து பேசுவதில்லை. மதியத்துக்கு மேல் எழுதும் வேலை, பிள்ளைகளை வாசிக்கச் சொல்வது என்று மாற்றிக்கொண்டேன். மேசையில் ஒரு பிளாஸ்கில் குளிர்ந்த தண்ணீர், நடுநடுவே ஒரு மடக்கு. வீட்டில் பனிக்கட்டித் துண்டு. வாய் எரிந்தால் தயிர் என்பது மிளகாய் பட்ட வாய்க்குத்தான் முழுசாகப் பலிக்கும், தயிரிலிருக்கும் புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. என் வாயில் இழுக்க ஒன்றும் இல்லை. குளிர்ச்சிக்காகக் குடிக்கிறேன்.

நோட்டு இன்னும் தொடர்கிறது. முழுசாகப் போகவில்லை. மாலை 7 என்றிருந்தது இப்போது பெரும்பாலும் 3. பரீட்சைத் தாள் திருத்தும் வாரங்களில் 5. மாத்திரை ஒரு வேளையாகக் குறைந்திருக்கிறது. வீட்டில் யாரும் இப்போது “எப்படி இருக்கு?” என்று கேட்பதில்லை. இவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே “இன்னிக்கு எத்தனை?” என்பார். மாமியார்கூட அதற்குப் பழகிவிட்டார்.

போன சித்திரையில் அவர் மாவடு போட்டார். பரணியை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கேட்காமலே மற்றவர்களுக்கு மட்டும் தட்டில் வைத்தார். தயிர் சாதத்தோடு கால் துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். “6” என்றேன். அரை மணி நேரம் கழித்து நோட்டில் எழுதினேன்: மாவடு, கால் துண்டு, 6. பிறகு 3.